போலந்தின் இரண்டாவது பில்

2023 ஏப்ரல் மாசக் கடைசி. போலந்து நாட்டின் பிட்கோஷ்ச் நகரத்துக்கு வெளியே ஒரு காடு. குதிரையில் சவாரி போன ஒருவர், மண்ணில் ஏதோ இரும்புச் சாமான் சிதறிக் கிடப்பதைப் பார்த்துத் தகவல் சொன்னார். அதிகாரிகள் ஓடிவந்து பார்த்தால், அது ரஷ்யாவின் கே.எச்-55 ரக ஏவுகணை! அணுகுண்டு சுமப்பதற்காக சோவியத் காலத்தில் வடிவமைத்தது. நல்லவேளை, வெடிமுனை இல்லாமல் வந்திருந்தது.

எப்போது விழுந்ததாம்? 2022 டிசம்பர் 16. அன்றைக்கு உக்ரைன் மீது ரஷ்யா சரமாரியாக ஏவுகணை வீசியது. அதில் ஒன்று எல்லை தாண்டிப் போலந்துக்குள் புகுந்து, பல நூறு கிலோமீட்டர் பறந்து, நாட்டின் நட்டநடுப் பகுதியில் போய் விழுந்திருக்கிறது. ரேடாரில் தெரிந்தது. அப்புறம் தொலைந்துபோனது. நாலு மாசத்துக்கும் மேலாக அங்கேயே கிடந்திருக்கிறது. இத்தனைக்கும் பிட்கோஷ்ச் ஒன்றும் பட்டிக்காடு இல்லை. நேட்டோவின் கூட்டுப் படைப் பயிற்சி மையம் இருக்கிற ஊர். விஷயம் வெளியே வந்ததும் ராணுவ அமைச்சர், 'ஜெனரல் என்னிடம் சரியாகச் சொல்லவில்லை' என்று கை காட்டினார். எந்த ஊர் அரசியல்வாதியும் அப்படித்தான்.

ஏவுகணை விழுந்ததற்குப் பத்தே நாள் முன்னால், டிசம்பர் 6ம் தேதி, கிடினியா துறைமுகத்தில் ஒரு பெரிய விழா. தென்கொரியாவிலிருந்து கப்பலில் 10 கே-2 டாங்கிகளும், 24 கே-9 பீரங்கி வண்டிகளும் வந்து இறங்கியிருந்தன. ஜனாதிபதி டூடா வந்தார். ராணுவ அமைச்சர் பிளாஷ்சாக் வந்தார். டி.வி. கேமராக்கள் வந்தன. கிடினியாவிலிருந்து பிட்கோஷ்ச் இருநூறு கிலோமீட்டர்கூட இருக்காது.

போலந்தின் ராணுவ நவீனமயத்தைப் பற்றி உலகமே வாய் பிளக்கிறது. 'ஐரோப்பாவிலேயே பெரிய தரைப்படை வரப்போகிறது' என்கிறார்கள். 2025 பிப்ரவரியில் வார்சாவுக்கு வந்த அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஹெக்செத், போலந்துதான் முன்மாதிரிக் கூட்டாளி என்று புகழ்ந்துவிட்டுப் போனார். கடைக்காரர் வாடிக்கையாளரைப் புகழ்வதில் என்ன அதிசயம்? என் கட்சி வேறு. போலந்து வாங்கியது தப்பில்லை. முதலில் எதை வாங்கியது, கடைசியில் எதை வாங்கியது என்கிற வரிசை இருக்கிறதே, அதுதான் தப்பு. துறைமுகத்தில் இறக்கி போட்டோ எடுக்க முடிந்ததெல்லாம் முதலில் வந்தது. போட்டோவில் விழாத சமாசாரமெல்லாம் பின்னால் நிற்கிறது.

'வாங்காதே' என்று போலந்துக்காரனிடம் சொல்ல யாருக்கும் வாய் கிடையாது. வடக்கே கலினின்கிராட், அது ரஷ்யா. கிழக்கே பெலாரஸ், அது ரஷ்யாவின் தம்பி. அதற்குக் கீழே உக்ரைன், அங்கே யுத்தம். பதினெட்டாம் நூற்றாண்டில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் சேர்ந்து அப்பம் மாதிரி பிய்த்துத் தின்றதில், 123 வருஷம் உலக வரைபடத்திலேயே இல்லாமல் இருந்த தேசம் அது. 1939ல் ஒரு பக்கம் ஹிட்லர், பதினாறு நாள் கழித்து இன்னொரு பக்கம் ஸ்டாலின். அந்த ஊரில் சமாதானப் பிரசங்கம் எடுபடாது. எடுபடவும் வேண்டாம்.

1939 என்றதும் ஒரு கதை சொல்வார்கள். போலந்துக் குதிரைப்படை வேல் கம்போடு ஜெர்மன் டாங்கிகள் மேலே பாய்ந்ததாம். சுத்தப் பொய். க்ரோயான்டி என்ற கிராமத்தருகே குதிரைப்படை பாய்ந்தது ஜெர்மன் காலாட்படை மீது. ஜெர்மன் கவச வண்டிகள் பிறகுதான் வந்து சுட்டன. இந்தப் பொய்க் கதையால் நிஜக் கதை அமுங்கிப்போயிற்று. பி.இஸட்.எல். என்கிற போலந்துத் தொழிற்சாலை அப்போது பி-24 என்று ஒரு நல்ல போர் விமானம் செய்தது. அதை கிரீஸுக்கும் துருக்கிக்கும் ருமேனியாவுக்கும் பல்கேரியாவுக்கும் விற்றார்கள். ஆனால் செப்டம்பர் மாசம் ஜெர்மன் விமானங்களோடு மோதிய போலந்து விமானிகள் உட்கார்ந்திருந்தது பழைய பி-11ல். வீரத்துக்கு அன்றைக்கும் பஞ்சமில்லை. எந்தச் சாமான் யார் கையில், எப்போது என்பதில்தான் கோளாறு.

சரி, இப்போதைய கடைத்தெருவுக்கு வருவோம்.

சோவியத் முகாமில் இருந்தவரை போலந்தின் டாங்கி டி-72. நமக்குத் தெரிந்த வண்டிதான். நம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 'அஜேயா' என்ற பெயரில் லைசென்ஸ் வாங்கிச் செய்தோமே, அதன் உடன்பிறப்பு. போலந்து அதைக் கிளிவீட்சே நகரத்துத் தொழிற்சாலையில் செய்தது. பிறகு அதையே மெருகேற்றி பி.டி-91 என்று ஒன்று செய்து, மலேசியாவுக்குக்கூட 48 விற்றது. நேட்டோவில் சேர்ந்த பிறகு ஜெர்மனி 128 பழைய லெப்பர்ட் டாங்கிகளைக் கிட்டத்தட்ட இனாமாகக் கொடுத்தது. 2013ல் இன்னும் 119, வெறும் 18 கோடி யூரோவுக்கு. அவற்றைப் புதுப்பிக்க 2015 கடைசியில் ஒப்பந்தம் போட்டார்கள். சொன்ன தேதிக்கு முடியவில்லை. வீடு கட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2021 ஜூலையில், யுத்தத்துக்கு முன்பே, அமெரிக்காவின் ஏப்ராம்ஸ் டாங்கி 250 வாங்குவோம் என்று அறிவிப்பு. 2022 ஏப்ரலில் கையெழுத்து, 475 கோடி டாலர். 2023 ஜனவரியில் பழைய ஏப்ராம்ஸ் இன்னும் 116, அதற்கு 140 கோடி டாலர். இதற்கு நடுவில், 2022 ஜூலையில் தென்கொரியாவோடு ஒரு பெரிய உடன்படிக்கை. ஆயிரம் கே-2 டாங்கிகள், அறுநூறுக்கும் மேலே கே-9 பீரங்கிகள், 48 இலகுரகப் போர் விமானங்கள்! ஆயிரம் டாங்கி என்ற வார்த்தை உலகப் பத்திரிகைகளில் எல்லாம் தலைப்பு. அடுத்த மாசமே முதல் 180 டாங்கிக்குக் கையெழுத்து. சுமார் 337 கோடி டாலர்.

இதில் போலந்துக்கு நியாயம் உண்டு. முந்நூறுக்கு மேற்பட்ட பழைய டாங்கிகளை அவர்கள் உக்ரைனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐரோப்பாவில் வேறு எந்த நாடும் அத்தனை டாங்கி கொடுக்கவில்லை. கொட்டகை காலி. புது வண்டிக்கு ஜெர்மனியிடம் போனால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கொரியாக்காரன் நாலு மாசத்துக்குள் முதல் வண்டியை இறக்கினான். அவசரத்துக்கு வாங்கியது புத்திசாலித்தனம் என்றே நானும் சொல்வேன். கே-2 மட்டமான சரக்கும் இல்லை.

ஆனால் இரண்டாவது பில்லைப் பாருங்கள்.

2025 ஆகஸ்ட் 1ம் தேதி, கிளிவீட்சேயில் அடுத்த 180 டாங்கிக்குக் கையெழுத்து ஆயிற்று. அதே எண்ணிக்கை. தொகை? சுமார் 650 கோடி டாலர். நம்ம பணத்தில் ஐம்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேலே. மூன்று வருஷத்தில் விலை இரட்டிப்பா என்று எதிர்க்கட்சிக்காரர்கள் எகிறினார்கள். கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை. இந்த பில்லில் டாங்கி மட்டும் இல்லை. சேற்றில் மாட்டிய டாங்கியை இழுக்கிற மீட்பு வண்டி, வாய்க்கால் மேலே பாலம் போடுகிற வண்டி, பாதை வெட்டுகிற வண்டி என்று 81 துணை வாகனங்கள். தொழில்நுட்பம் கைமாற்றம். 64 டாங்கிகள் போலந்துக்கென்றே மாற்றி வடிவமைத்தவை. அதில் 61ஐ போலந்திலேயே செய்வார்கள்.

அதாவது, முதல் பில்லிலேயே இருந்திருக்க வேண்டியது இரண்டாவது பில்லில் வந்திருக்கிறது. அதுதான் என் புகார். ஐம்பத்தைந்து டன் டாங்கி சேற்றில் இறங்கினால் எதை வைத்து இழுப்பது என்ற கேள்வி 2022லும் இருந்ததுதானே? போலந்தின் கிழக்குப் பகுதி ஆறும் ஓடையும் சதுப்பும் நிறைந்த பூமி. ஏப்ராம்ஸ் இன்னும் கனம், அறுபத்தாறு டன்னுக்கு மேலே. பழைய டி-72ன் எடையில் ஒன்றரை மடங்கு. பஸ் வாங்குகிறவன் டெப்போவையும் சேர்த்து யோசிப்பான். இங்கே முதலில் பஸ் வந்தது. மாலை போட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள். மூன்று வருஷம் கழித்து டெப்போவுக்கு டெண்டர். சாமான் ஏற்கெனவே வந்து நிற்கும்போது வாங்குகிறவனுக்குப் பேரம் பேசும் பலம் ஏது? விற்கிறவனுக்குத் தெரியும், இவன் வேறு கடைக்குப் போக முடியாதென்று.

டாங்கியின் தலைக்கு மேலே இருந்து வருகிற ஆபத்தையும் கவனியுங்கள். உக்ரைனில் சில நூறு டாலர் ட்ரோன், பல லட்சம் டாலர் டாங்கியை எரிப்பதைத் தினம் தினம் பார்த்துவிட்டோம். அமெரிக்கா கொடுத்த 31 ஏப்ராம்ஸையும் 2024ல் உக்ரைன் முன்வரிசையிலிருந்து பின்னுக்கு இழுக்க வேண்டிவந்தது. வருகிற குண்டை வழியிலேயே அடிக்கும் தற்காப்புக் கருவி, கொரியாவிலிருந்து வந்த முதல் 180 வண்டிகளில் கிடையாது. இரண்டாவது பில்லில் வருகிற அந்த 64ல்தான் திட்டமிட்டிருக்கிறார்கள்.

பராமரிப்பு விஷயம் இன்னும் வேடிக்கை. இன்றைக்குப் போலந்து ராணுவத்தில் எத்தனை ரக டாங்கி? லெப்பர்ட், அதிலேயே மூன்று வகை. ஏப்ராம்ஸ், அதில் இரண்டு வகை. கே-2. மிச்சம் மீதி பி.டி-91. லெப்பர்டுக்கு ஜெர்மன் டீசல் எஞ்சின். கே-2வுக்குக் கொரிய டீசல் எஞ்சின். ஏப்ராம்ஸுக்கு விமானத்தில் இருப்பது மாதிரி டர்பைன். சும்மா நின்றுகொண்டிருந்தாலே எரிபொருள் குடிக்கும். லெப்பர்டிலும் ஏப்ராம்ஸிலும் நாலு பேர் உட்கார வேண்டும், ஒருவர் குண்டு போட. கே-2வில் மெஷினே குண்டு போடும், மூன்று பேர் போதும். புது வண்டிகளுக்கு 120 மில்லிமீட்டர் குண்டு, பி.டி-91க்கு 125. ஒரு வண்டியின் மெக்கானிக்கை இன்னொரு வண்டிக்கு மாற்ற முடியாது. இதன் உதிரி பாகம் அதற்குச் சேராது. நம் ஊரில் நாலு லாரி வைத்திருக்கிற முதலாளிகூட நாலையும் ஒரே கம்பெனியில் வாங்குவார். காரணம் கேட்டால் சிரிப்பார்.

அடுத்தது, டாங்கிக்குப் பின்னால் போகிற சிப்பாய்கள். டாங்கி தனியாகப் போனால் பலி ஆடு. கூடவே காலாட்படையை ஏற்றிய கவச வாகனம் போக வேண்டும். போலந்தில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பி.டபிள்யூ.பி-1. 1960களின் சோவியத் வடிவமைப்பு. பக்கவாட்டுத் தகடு பெரிய மெஷின்கன் தோட்டாவுக்கே தாங்காது. யுத்தம் ஆரம்பித்தபோது இந்த ரகத்தில் ஆயிரத்துக்கு மேலே வைத்திருந்தார்கள். ஆக, முன்னால் போவது 2020களின் டாங்கி. பின்னாலேயே போவது தாத்தா காலத்து டப்பா. அதற்குள்ளே இருபது வயசுப் பிள்ளைகள்.

இதற்கு மாற்றாக 'போர்சுக்' என்று ஒரு வண்டியைப் போலந்தே வடிவமைத்தது. ஸ்டாலோவா வோலா என்ற ஊரில் செய்கிறார்கள். போர்சுக் என்றால் வளைக்கரடி. தண்ணீரில் மிதக்கும், நல்ல பீரங்கி, நல்ல தகடு. வேலை தொடங்கியது 2014ல். முதல் பெரிய ஆர்டர், 111 வண்டிக்கு, எப்போது கையெழுத்தானது தெரியுமா? 2025 மார்ச். பதினோரு வருஷம் கரடி வளைக்குள்ளேயே இருந்தது! ஏப்ராம்ஸுக்கு அறிவிப்பிலிருந்து கையெழுத்து வரை ஒன்பது மாசம். கொரிய டாங்கிக்கு ஒரே மாசம். சொந்த நாட்டு வண்டிக்குப் பதினோரு வருஷம். உள்ளூர்த் தொழிற்சாலையில் கையெழுத்துப் போட்டால் வெளிநாட்டு அமைச்சர் வந்து கை குலுக்க மாட்டார் பாருங்கள்.

சொந்தமாகச் செய்யத் துப்பில்லை என்று யாராவது சொன்னால், 'ரொசோமாக்' வண்டியைக் காட்டுவேன். பின்லாந்திடம் லைசென்ஸ் வாங்கி, 2003ல் 690க்கு ஒப்பந்தம் போட்டு, போலந்திலேயே செய்த எட்டுச் சக்கரக் கவச வண்டி. ஆப்கானிஸ்தானில் அடிபட்டு நின்று நல்ல பெயர் வாங்கியது. 'க்ராப்' பீரங்கியும் அப்படியே. முதலில் அதன் அடிச்சட்டம் விரிசல் விட்டது. 2014ல் கூச்சப்படாமல் கொரியாவிடம் கே-9ன் அடிச்சட்டத்தை வாங்கிப் பொருத்தினார்கள். பிரச்னை தீர்ந்தது. உக்ரைனே அதை விலை கொடுத்து வாங்கியது. லைசென்ஸ் வாங்கு, சொந்த ஊரில் செய், தப்பு வந்தால் ஒத்துக்கொண்டு திருத்து. இந்த வழி அவர்களுக்கு நன்றாகவே தெரியும். 2022ல் அவசரத்தில் மறந்தார்கள். மூன்று வருஷம் கழித்து இரண்டு பங்கு காசு கொடுத்து ஞாபகப்படுத்திக்கொண்டார்கள்.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது?

2022ல் ஒரு சட்டம் போட்டு, அரசு வளர்ச்சி வங்கியில் 'ஆயுதப்படை ஆதரவு நிதி' என்று தனிக் கணக்குத் திறந்தார்கள். அந்தக் கணக்கு பாண்டு விற்கும், கடன் வாங்கும், ஆயுதம் வாங்கும். பட்ஜெட்டுக்கு வெளியே. போலந்து அரசியல் சட்டப்படி பொதுக்கடன் தேசிய வருமானத்தில் 60 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. இந்த நிதியின் கடன் அந்த உள்நாட்டுக் கணக்கில் சேராது. ஐரோப்பிய யூனியன் போடும் கணக்கில் மட்டும் சேரும். ஒரே கடன், ஒரு பேரேட்டில் உண்டு, இன்னொரு பேரேட்டில் இல்லை! பி.காம். முதல் வருஷத்தில் இப்படி விடை எழுதியிருந்தால் எங்கள் வாத்தியார் பேப்பரை மூஞ்சியில் வீசியிருப்பார். 2024ல் போலந்தின் பற்றாக்குறை 6 சதவிகிதத்தைத் தாண்டியது. யூனியன் வைத்திருக்கும் வரம்பு 3. அந்த வருஷமே வரம்பு மீறியவர்கள் பட்டியலில் போலந்தைச் சேர்த்தார்கள்.

விற்கிறவனே கடனும் கொடுக்கிறான், அது இன்னொரு வேடிக்கை. கொரிய ஆயுதத்துக்குக் கொரியாவின் ஏற்றுமதி-இறக்குமதி வங்கி கடன். ஒரே ஆளுக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம் என்ற உச்சவரம்பு இடித்தது. ஆகவே 2024ல் கொரியப் பாராளுமன்றம் அந்த வங்கியின் மூலதன வரம்பையே 15 லட்சம் கோடி வொன்னிலிருந்து 25 லட்சம் கோடியாக உயர்த்திச் சட்டம் போட்டது. வாடிக்கையாளருக்காக வங்கியையே பெரிசாக்கிய கடைக்காரர்கள்! அமெரிக்காவும் தன் பங்குக்குக் கடன் கொடுத்தது. தவணையில் டி.வி. வாங்குகிற குடும்பத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டி.வி.க்குத் தவணை முடிந்தால் முடிந்தது. டாங்கிக்குத் தவணை முடிகிற நேரத்தில் எஞ்சின் மாற்ற வேண்டும்.

நேட்டோ கணிப்புப்படி 2025ல் போலந்தின் ராணுவச் செலவு தேசிய வருமானத்தில் கிட்டத்தட்ட நாலரை சதவிகிதம். கூட்டணியிலேயே அதுதான் அதிகம். இந்தச் சுமையை ஒரு தேசம் மனசார ஏற்றுக்கொண்டிருக்கிறது. அங்கே எந்தக் கட்சி வந்தாலும் இதைக் குறைக்கத் துணிய மாட்டார்கள், ஜனங்கள் விட மாட்டார்கள். அவர்கள் அவ்வளவு நம்பிக் கொடுக்கிற காசு என்பதால்தான் வரிசை தப்பியது எனக்குப் பொறுக்கவில்லை.

வான் பாதுகாப்பை அடியோடு மறந்தார்கள் என்று சொன்னால் அநியாயம். 2018லேயே அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணை அமைப்பில் இரண்டு பேட்டரிக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அதுவும் 475 கோடி டாலர்தான், 250 ஏப்ராம்ஸின் விலை. 2023ல் வார்சாவின் பெமோவோ விமானத் திடலில் அதை நிறுத்திப் பயிற்சி நடந்தது. அதே வருஷம் அடுத்த கட்ட பேட்ரியட்டுக்கும், நடுத்தர உயரத்துக்கான பிரிட்டிஷ் ஏவுகணைகளுக்கும் பெரிய ஒப்பந்தங்கள். எல்லாம் சரி. ஆனால் இவை மேல்மாடி. பேட்ரியட் ஏவுகணை ஒன்றின் விலையே சுமார் 40 லட்சம் டாலர். தரையை ஒட்டித் தத்தித் தத்தி வருகிற மலிவு ட்ரோனை யார் பார்ப்பது, எதை வைத்து அடிப்பது? கீழ்த்தளம் திறந்தே கிடந்தது.

ரேடார் கதையைக் கேளுங்கள். தாழப் பறப்பது தரை ரேடாருக்குத் தெரியாது. உயரத்திலிருந்து கீழே பார்க்கிற கண் வேண்டும். காட்டில் ஏவுகணை அகப்பட்ட பிறகு, 2023 ஜூலையில், ஸ்வீடனிடம் ரேடார் பொருத்திய இரண்டு பழைய சாப் விமானங்கள் வாங்கினார்கள். விலை சுமார் 60 கோடி ஸ்வீடிஷ் குரோனர். அன்றைய மதிப்பில் ஆறு கோடி டாலருக்கும் கீழே. கே-2 டாங்கி முதல் பில்லின்படி ஒன்று 1.87 கோடி டாலர் என்று வகுத்துப் பாருங்கள். மூன்றே மூன்று டாங்கியின் விலை! ஆயிரம் டாங்கி என்று அறிவித்தவர்கள் 997 என்று அறிவித்துவிட்டு, அந்த இரண்டு விமானத்தை ஒரு வருஷம் முன்னாலேயே வாங்கியிருக்கலாம். வானத்தில் பலூன் கட்டி ரேடார் தொங்கவிடும் திட்டத்துக்கு 2024 மே மாசம்தான் கையெழுத்து.

2025 செப்டம்பர் 9ம் தேதி ராத்திரி இதெல்லாம் பரீட்சைக்கு வந்தது. சுமார் இருபது ரஷ்ய ட்ரோன்கள் போலந்துக்குள் நுழைந்தன. பலதும் 'கெர்பெரா' ரகம். தெர்மோகோலும் பிளைவுட்டும் சேர்த்து ஒட்டியது, பத்தாயிரம் டாலர் பெறுமானம். அதை எதிர்க்க எது கிளம்பியது? போலந்தின் எஃப்-16, நெதர்லாந்தின் எஃப்-35, இத்தாலியின் கண்காணிப்பு விமானம். தரையில் ஜெர்மனியின் பேட்ரியட் விழித்துக்கொண்டது. வார்சா உட்பட நாலு விமான நிலையங்களை மூடினார்கள். பல லட்சம் டாலர் ஏவுகணைகளை எய்து, கீழே தள்ளியது மூன்றோ நாலோ. மற்றதெல்லாம் தானாகவே வயலிலும் தோட்டத்திலும் விழுந்தன. வைரிக்கி கிராமத்தில் ஒரு வீட்டுக் கூரை பிய்ந்தது. அதைப் பிய்த்தது ட்ரோன் இல்லை, எஃப்-16லிருந்து கிளம்பிய சொந்த ஏவுகணையாகத்தான் இருக்கும் என்று பிறகு அமைச்சரே சொன்னார்.

ஆயிரம் டாங்கியும் அன்றைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அது டாங்கியின் குற்றமும் இல்லை. ஆனால் டாங்கிகளுக்கு விழா எடுத்த அதே கிடினியாவில் ட்ரோனைக் கண்டுபிடிக்கும் ரேடாரும் எதிர்ப்புக் கருவியும் செய்கிற ஒரு போலந்துக் கம்பெனி இருக்கிறது. அதன் சரக்கை உக்ரைனில் உபயோகித்திருக்கிறார்கள். தோளில் வைத்துச் சுடும் 'பியோருன்' ஏவுகணையும் போலந்துச் சரக்குதான். அமெரிக்காவே விலைக்கு வாங்கியது. கையில் வெண்ணெய், கண்ணெதிரே அடுப்பு. மலிவான ட்ரோன் எதிர்ப்புக்கு அரசாங்கம் வேகம் காட்டியது அந்த செப்டம்பருக்குப் பிறகுதான்.

இருப்புக் கணக்கு எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு சம்பவம். 2024ல் ராணுவத்தின் டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகள், இருநூறுக்கும் மேலே, ரயில் வேகனிலிருந்து இறக்கப்படாமல் விட்டுப்போயின. வேகன் பாட்டுக்கு நாடு முழுக்கச் சுற்றியது. கடைசியில் எங்கே நின்றது தெரியுமா? ஐகியா மரச்சாமான் கிடங்குக்குப் பக்கத்தில்! வருவதும் போவதும் ரிஜிஸ்டரில் டிக் அடிக்கிற வேலை. குமாஸ்தா வேலை. அதைப் பார்க்க ஆளில்லை. 2025 ஜனவரியில் ராணுவத் தளவாடப் பிரிவின் தலைவரான ஜெனரலை நீக்கினார்கள். அந்தப் பிரிவின் தலைமையகம் எந்த ஊர்? ஏவுகணை நாலு மாசம் காட்டில் கிடந்ததே, அதே பிட்கோஷ்ச்.

2023 ஆகஸ்ட் 15, அவர்களுடைய ராணுவ தினம். வார்சாவில் பிரம்மாண்ட அணிவகுப்பு. ஏப்ராம்ஸ் போனது, கே-2 போனது, பேட்ரியட் போனது. லட்சக்கணக்கில் கூட்டம். சரியாக இரண்டு மாசத்தில், அக்டோபர் 15ம் தேதி, பொதுத்தேர்தல். ஆளுங்கட்சி பெரும்பான்மை இழந்தது. வந்த புது அரசாங்கம் பழைய ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றைத் தொடர்ந்தது. அதோடு 2024ல் 96 அபாச்சி ஹெலிகாப்டருக்கு ஆயிரம் கோடி டாலரில் தானும் ஒரு கையெழுத்துப் போட்டது. ஆள் மாறினாலும் அலமாரி முன்னால் நிற்கிற ஆசை மாறவில்லை.

இதையெல்லாம் ஓட்ட ஆள்? ராணுவத்தை மூன்று லட்சம் பேராக்கப் போகிறோம் என்கிறார்கள். போலந்தில் 2024ல் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைப் பேறு 1.1. கொரியாவில் டாங்கி ஆர்டர் பண்ணலாம். இருபது வருஷம் கழித்து அதில் உட்காரும் பையனை எங்கே ஆர்டர் பண்ணுவது?

அடுத்த பில் இப்போது தயாராகிறது. 2025ல் ஐரோப்பிய யூனியன் தன் 15,000 கோடி யூரோ ராணுவக் கடன் திட்டத்தில் போலந்துக்குத்தான் அதிகப் பங்கு ஒதுக்கியது: 4,370 கோடி யூரோ. வாங்குகிற சாமானின் மதிப்பில் பெரும்பங்கு, 65 சதவிகிதம், ஐரோப்பாவிலோ உக்ரைனிலோ செய்ததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனவே இந்தத் தடவை கொரியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஓட முடியாது. போர்சுக் செய்கிற ஸ்டாலோவா வோலாவுக்கும், கிடினியா கம்பெனிக்கும், பியோருன் செய்கிறவர்களுக்கும் இதுதான் வாய்ப்பு. பீரங்கிக் குண்டை உந்துகிற வெடிமருந்துப் பொடிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பியோன்கி என்ற ஊரில் அதைச் செய்த பெரிய தொழிற்சாலை திவாலாகி மூடியபோது யாரும் கவலைப்படவில்லை. நூற்றுக்கணக்கில் பீரங்கி வாங்கிய பிறகு பொடிக்கு வெளிநாட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்.

கிளிவீட்சேயில் அந்த 61 டாங்கிகளைச் செய்யத் தொழிற்சாலையைத் தயார் பண்ண வேண்டும், ஆட்களைப் பழக்க வேண்டும். எல்லாம் சொன்ன தேதிக்கு நடந்தால் இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வண்டிகள் வெளியே வரும். போர்சுக் 111 வந்தாலும் இரண்டு பட்டாலியனுக்குத் தாண்டாது. மீதிப் பேர் அதுவரை 1960களின் பி.டபிள்யூ.பி-1ல்தான் ஏறிப் போக வேண்டும்.